சொரூபத்தின் கையைப் பாருங்கள்: கத்தோலிக்க ஆலயத்தின் உருவங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்குக் கத்தோலிக்க ஆலயம் அந்நியமான இடம் அன்று. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோவிலுக்கும் போய்வருகிற குடும்பங்கள் இந்நகரில் உண்டு. பள்ளிக்கூடம் விட்ட கையோடு நண்பனுடன் மாதா கோவிலுக்குள் நுழைந்து, வாசலில் உள்ள தீர்த்தத் தொட்டியில் விரலை நனைத்து, அவன் செய்வதைப் பார்த்துத் தானும் நெற்றியைத் தொட்டுக்கொண்ட சைவப் பிள்ளைகளும் உண்டு. அப்படியிருந்தும், உள்ளே நிற்கிற சொரூபங்களில் யார் யார் என்று கேட்டால், இயேசுவையும் மாதாவையும் தவிர மற்றவர்கள் எல்லாரும் "தாடி வைத்த ஒரு சாமி" என்ற அளவிலேயே பலருக்கு நின்றுவிடுகிறார்கள். கத்தோலிக்கராகப் பிறந்தவர்களின் நிலை இதைவிட மிக மேலானது என்று சொல்வதற்கும் இல்லை.

உண்மையில் இந்த உருவங்களை வாசிக்கும் முறை தமிழருக்குப் புதியதே அல்ல. கையில் வேலும் அருகில் மயிலும் இருந்தால் முருகன் என்கிறோம். ஒடிந்த கொம்பையும் காலடியில் மூஞ்சூறையும் கண்டால் பிள்ளையார் என்கிறோம். முகச்சாயலைக் கொண்டு எவரும் தெய்வத்தை அடையாளம் காண்பதில்லை. கையையும் காலடியையும் உடையையும் கொண்டே காண்கிறார்கள். கத்தோலிக்க ஆலயத்தின் கலையும் இப்படித்தான் இயங்குகிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உரோமையில் இறந்த ஒருவரின் முகம் எப்படி இருந்தது என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே சிற்பி அவருடைய வாழ்விலிருந்தோ சாவிலிருந்தோ ஒரு பொருளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறார். அந்தப் பொருளே அவருடைய பெயர்ப்பலகை. எழுத்து வாசிக்கத் தெரியாத மக்களே பெரும்பான்மையாக இருந்த காலத்தில் உருவான முறை இது. கி.பி. 600ஆம் ஆண்டளவில், தன் ஆலயங்களில் இருந்த படங்களை உடைத்தெறிந்த மார்சேய் நகர ஆயருக்குப் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் எழுதிய கடிதத்தில், நூலில் வாசிக்க இயலாதவர்கள் சுவரில் பார்த்தாவது வாசிக்கட்டும் என்ற கருத்தை முன்வைத்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் ஆலயக் கலைக்குக் கூறப்பட்ட நியாயங்களில் அதிகம் எடுத்தாளப்பட்டது இதுவே.

கையும் காலடியும்

திறவுகோலில் இருந்து தொடங்கலாம். ஒரு முதியவர், குட்டையான வெண்தாடி, கையில் ஒரு திறவுகோல் அல்லது பொன்னிறத்தில் ஒன்றும் வெள்ளி நிறத்தில் ஒன்றுமாக இரண்டு. இவர் இராயப்பர் எனப்படும் பேதுரு. விண்ணரசின் திறவுகோல்களை அவரிடம் ஒப்படைப்பதாக இயேசு கூறியது மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சில உருவங்களில் அவருடைய காலடியில் ஒரு சேவலும் நிற்கும். சேவல் கூவுவதற்கு முன் தன் குருவை மும்முறை மறுதலித்த மனிதர் அவர். திருச்சபை தன் முதல் தலைவரின் பெருமையைக் கையிலும் அவருடைய வீழ்ச்சியைக் காலடியிலும் ஒருசேர வைத்திருக்கிறது. அவருக்கு இணையாக மறுபக்கத்தில் வாளும் நூலும் ஏந்தி, நீண்ட தாடியோடு நிற்பவர் சின்னப்பர். நூல் அவர் எழுதிய திருமுகங்களுக்கு. வாள், அவர் தலை வெட்டப்பட்டு இறந்ததற்கு.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பவுலுஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். ஆகவே பழைய தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சின்னப்பர் ஆக்கினர். யோவான் என்பதற்கு ஆண்டவர் அருள் கூர்ந்தார் என்று பொருள். அதனால் அவர் அருளப்பர் ஆனார். விவிலியத்தின் புதிய மொழிபெயர்ப்புகள் வந்தபின் இளையோர் பேதுரு, பவுல், யோவான் என்றே சொல்கிறார்கள். பிற சபையாரோடு பொதுவான பெயர்களைப் புழங்குவதில் நன்மை உண்டு. எனினும் சின்னப்பு, அருளப்பு என்று வீட்டில் தாத்தாக்களின் பெயராக இருந்தவை பீடத்தில் நிற்பவரின் பெயரும்தான் என்பது அவர்களுக்குத் தெரியாமற் போவதை நான் இழப்பாகவே கருதுகிறேன்.

அந்தோனியாரிடம் வருவோம், இந்நகரில் அதிகம் பேர் தேடிவருபவர் அவரே. மண்ணிறத் துறவற அங்கி, இடுப்பில் வெள்ளைக் கயிறு, ஒரு கையில் லீலி மலர், மறு கையில் நூல், அந்நூலின் மேல் அமர்ந்தோ நின்றோ இருக்கும் குழந்தை இயேசு. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு செய்தி. அங்கி அவர் பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டும். கயிற்றில் உள்ள மூன்று முடிச்சுகளும் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று துறவற வாக்குறுதிகள். லீலி தூய்மையைக் குறிக்கும். நூல், அவர் பெரும் போதகராகவும் விவிலியப் புலமையாளராகவும் இருந்ததை நினைவூட்டும். குழந்தை இயேசு அவருக்குக் காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் கதை, 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே அவருடைய உருவத்தில் நிலைத்த அடையாளமாயிற்று. அதற்கு முந்திய ஓவியங்கள் பலவற்றில் நூலோ தீச்சுடரோதான் இருக்கும். அவர் 1195ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் பிறந்தவர்; போர்த்துக்கேயர் சென்ற கரைகளிலெல்லாம் அவருக்கு ஆலயம் எழும்பியதற்கு இதுவே முதற்காரணம். 1231ஆம் ஆண்டு யூன் 13ஆம் திகதி இத்தாலியின் பதுவை நகருக்கு அருகே இறந்தார். அடக்கம் செய்யப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. மெழுகுதிரி விற்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை நல்ல வியாபாரம் நடப்பதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் ஊர்களில் இன்னோர் அந்தோனியாரும் உண்டு. நீண்ட வெண்தாடி, ஊன்றுகோல், ஒரு மணி, காலருகே ஒரு பன்றி. இவர் எகிப்தின் பாலைவனத்தில் தவம் செய்த வனத்து அந்தோனியார். இருவருக்கும் இடையில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. பெயர் ஒன்றாயிருப்பதால் இருவரையும் ஒருவராக எண்ணிக்கொண்டு, இளமையில் குழந்தையை ஏந்தியவர் முதுமையில் பன்றி வளர்த்தார் என்று எனக்கு விளக்கம் சொன்ன பெரியவர் ஒருவர் இருந்தார். கையையும் காலடியையும் பார்க்கப் பழகினால் இந்தக் குழப்பம் வராது.

செபஸ்தியாரின் உடலில் அம்புகள் தைத்திருக்கும். அவர் அம்பால் இறந்தார் என்றே எல்லாரும் எண்ணுவர்; ஆனால் மரபுக் கதையின்படி அம்புபட்டும் அவர் பிழைத்தார், ஐரீன் என்ற பெண் அவருக்கு மருந்திட்டுக் காப்பாற்றினார், பிறகு மீண்டும் பேரரசன் முன் சென்று நின்றபோதுதான் தடியால் அடித்துக் கொல்லப்பட்டார். தடியைப் பிடித்தால் அவரை அடையாளம் காண முடியாது என்பதால் கலை அம்பைப் பிடித்துக்கொண்டது. லூசியாள் ஒரு தட்டில் இரண்டு கண்களை ஏந்தி நிற்பார். முதன்முறை பார்க்கும் சிறுவர் அஞ்சுவது இயல்பு. வானதூதரான மிக்கேல் சம்மனசு கையில் தராசும் வாளும் காலடியில் அலகையுமாக நிற்பார். யாக்கோபு எனப்படும் சந்தியோகுமையோர் குதிரை மேல் வருவார். ஓலைக்கீற்றுப் போன்ற ஒன்றை எவர் பிடித்திருந்தாலும், அவர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி என்று துணிந்து சொல்லலாம். பழைய உரோமையர் வெற்றிக்கு அடையாளமாகக் கொண்ட பேரீச்ச ஓலையைக் கிறிஸ்தவர்கள் சாவை வென்றவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அடையாளப் பொருள் தொலைந்தால் என்னாகும் என்பதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். கடலோரத்துச் சிற்றாலயம் ஒன்றில் இருந்த சொரூபத்தின் வலக்கை, திருவிழாவுக்கு இறக்கியபோது மணிக்கட்டோடு முறிந்துவிட்டது. சீமெந்தால் புதிய கையைச் செய்து பொருத்தியவர், விரல்களை மூடிய நிலையில் செய்து, உள்ளே ஒன்றும் வைக்காமல் விட்டுவிட்டார். ஓரிரு ஆண்டுகளில் அந்த இராயப்பரை இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பர் என்று சொல்லி அவர் முன் மெழுகுதிரி ஏற்றத் தொடங்கினார்கள். பின்னர் ஒருவர் பித்தளையில் சிறு திறவுகோல் ஒன்றைச் செய்வித்து, மூடிய விரல்களுக்கு இடையில் நுழைக்க இயலாமல், கம்பியால் மணிக்கட்டில் கட்டித் தொங்கவிட்டார். அவர் மீண்டும் இராயப்பர் ஆனார். விரலளவு பித்தளைத் துண்டு ஒரு மனிதரை அவருடைய பெயருக்குத் திருப்பிக் கொண்டுவந்ததை, இக்கலையைப் பற்றி எவர் கேட்டாலும் நான் சொல்வது வழக்கம்.

ஒரே தாய், பல உருவங்கள்

மாதாவின் உருவங்கள்தான் புதியவரை அதிகம் குழப்புபவை. லூர்து மாதா, பற்றிமா மாதா, மடு மாதா, வேளாங்கண்ணி மாதா என்று பெயர்கள் பெருகுவதைக் கேட்டு, இவர்கள் வெவ்வேறு தெய்வங்களா, அக்கா தங்கையரா என்று கேட்டவர்கள் உண்டு. எல்லாரும் இயேசுவின் தாயான மரியாள் ஒருவரே. காட்சி கொடுத்ததாக நம்பப்படும் இடமும், அங்கு அவர் தோன்றியதாகச் சொல்லப்படும் கோலமுமே வேறுபடுகின்றன.

பாலையூற்றில் இருப்பது லூர்து அன்னையின் திருத்தலம். 1858ஆம் ஆண்டு பிரான்சின் லூர்து நகரில், பெர்னதெத் என்ற 14 வயது ஏழைச் சிறுமி ஒரு குகையருகே பதினெட்டு முறை கண்டதாகச் சொன்ன காட்சியே இவ்வுருவத்துக்கு மூலம். வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, கையில் செபமாலை, ஒவ்வொரு பாதத்தின் மீதும் ஒரு பொன்னிற ரோசா. எங்கெல்லாம் கற்களை அடுக்கிச் செய்த கெபிக்குள் மாதா நிற்கிறாரோ, எதிரே ஒரு சிறுமி முழந்தாளில் நிற்கிறாளோ, அங்கெல்லாம் லூர்தின் குகையே மீண்டும் கட்டப்பட்டிருக்கிறது. அக்குகையில் வைப்பதற்கென 1864இல் யோசெப் பாபிஷ் என்ற சிற்பி பளிங்கில் செதுக்கிய உருவமே உலகெங்கும் உள்ள லூர்து சொரூபங்களுக்கு மாதிரியாயிற்று. பெர்னதெத்துக்கோ அந்தச் சிலை நிறைவளிக்கவில்லை. தான் கண்டவர் இப்படி இருக்கவில்லை என்பதே அவர் கருத்து. கண்டவரே ஒப்பாத உருவத்தை உலகம் ஒப்புக்கொண்டது.

குவாடலூப்பே அன்னையின் பெயரிலும் இந்நகரில் ஓர் ஆலயம் இருக்கிறது. 1531ஆம் ஆண்டில் மெக்சிக்கோவின் மண்ணின் மைந்தரான உவான் தியேகோவின் மேற்போர்வையில் பதிந்ததாக நம்பப்படும் உருவம் இது: நட்சத்திரங்கள் நிறைந்த பசுநீல முக்காடு, உடலைச் சுற்றிலும் கதிர்கள், காலடியில் பிறை நிலா, பழுப்பு நிற முகம். பிறை நிலா விவிலியத்தின் இறுதி நூலில் வரும், நிலாவைப் பாதத்தில் கொண்ட பெண்ணிடமிருந்து வந்தது. வேளாங்கண்ணி மாதா சேலை உடுத்தி நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, ஒரு நாட்டு மக்கள் தம் தோல் நிறத்திலேயே மாதாவைக் காண்பது வியப்பளிக்காது.

ஆனால் ஒரே ஒரு படத்தை நெருங்கி நின்று பார்க்க நேரம் இருந்தால், சதா சகாய மாதாவின் படத்தைப் பார்க்கும்படி சொல்வேன். வீடுகளிலும் ஆலயங்களிலும் முச்சக்கர வண்டிகளின் முகப்பிலும்கூட இருக்கிற படம். ஆகையால் எவரும் அதைக் கூர்ந்து பார்ப்பதில்லை. மூலப்படம் கீழைத்தேயப் பாணியில் மரப்பலகையில் தீட்டப்பட்டது. 1866ஆம் ஆண்டிலிருந்து உரோமையில் இரட்சகர் சபையாரின் ஆலயத்தில் இருக்கிறது. பொன்னிறப் பின்புலத்தில் தாயும் குழந்தையும். குழந்தையின் பாதத்தைப் பாருங்கள்: ஒரு செருப்பு கழன்று, வாரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏன்? மேலே இரு மூலைகளிலும் சிறிதாக இரண்டு சம்மனசுகள் இருக்கிறார்கள். இடப்பக்கத்தில் இருக்கும் மிக்கேல் ஈட்டியையும் காடி தோய்த்த கடற்பஞ்சையும் ஏந்தியிருக்கிறார். வலப்பக்கத்தில் இருக்கும் கபிரியேல் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தியிருக்கிறார். தன்னைக் கொல்லப்போகும் கருவிகளைக் கண்ட குழந்தை, அஞ்சித் தாயிடம் பாய்ந்து ஓடிவந்ததில் செருப்புக் கழன்றுவிட்டது. இரு கைகளாலும் தாயின் கையைப் பற்றியிருக்கிறது. முகமோ இன்னும் சிலுவையின் பக்கமே திரும்பியிருக்கிறது. தாய் குழந்தையைப் பார்க்கவில்லை, சம்மனசுகளையும் பார்க்கவில்லை. படத்தின் முன் நிற்பவரைப் பார்க்கிறார். ஒரு முழு நற்செய்தியையும் ஒரு செருப்பு வாரில் தொங்கவிட்ட அந்தப் பெயரறியா ஓவியரின் திறமைக்கு நிகராக நான் ஆலயத்துக்குள் வேறொன்றைக் கண்டதில்லை.

சிலுவையும் பதினான்கு தலங்களும்

பீடத்துக்கு மேலேயோ அருகிலேயோ இருப்பது பாடுபட்ட சுரூபம், அதாவது இயேசுவின் உடல் அறையப்பட்டிருக்கும் சிலுவை. மெதடிஸ்த ஆலயத்தில் உடலற்ற வெறும் சிலுவை இருப்பதையும் இங்கே உடலோடு இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் காரணம் கேட்பதுண்டு. வெறும் சிலுவை உயிர்ப்பை முன்னிறுத்துகிறது. பாடுபட்ட சுரூபம், பூசையில் நினைவுகூரப்படும் பலியை முன்னிறுத்துகிறது. அதன் உச்சியில் உள்ள சிறு பலகையில் காணப்படும் ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு எழுத்துகள், "நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்" என்ற இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள். சில சிலுவைகளின் அடியில் ஒரு மண்டையோடு இருக்கும். மண்டையோட்டு இடம் எனப் பொருள்படும் கொல்கொதாவைக் குறிப்பதோடு, முதல் மனிதன் ஆதாம் அங்கேதான் புதைக்கப்பட்டான் என்ற பழைய கதையையும் அது நினைவூட்டுகிறது.

இருபக்கச் சுவர்களிலும் வரிசையாக இருக்கும் படங்கள், இயேசு சிலுவை சுமந்து நடந்த சிலுவைப் பாதையின் பதினான்கு தலங்கள், அதாவது நிலைகள். யெருசலேமுக்குப் போக இயலாதவர்கள் தம் ஊரிலேயே அப்பாதையில் நடக்கட்டும் என்று பிரான்சிஸ்கன் துறவிகள் பரப்பிய பக்திமுயற்சி இது. தலங்களின் எண்ணிக்கை 1731ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமென்ற் காலத்தில் பதினான்கு என உறுதியாயிற்று. இயேசு மூன்று முறை விழுவதும், வெரோணிக்காள் அவர் முகத்தைத் துடைப்பதும் நற்செய்திகளில் இல்லை. மக்களின் பக்தி அவற்றைச் சேர்த்தது. மரபுப்படி தலத்துக்கு இன்றியமையாதது படம் அன்று, படத்தின் மேல் பதிக்கப்பட்டிருக்கும் சிறிய மரச்சிலுவையே. படமில்லாத தலம் இருக்கலாம். சிலுவையில்லாத தலம் இல்லை.

வணங்குகிறார்களா?

இனி, எல்லாரும் கேட்கும் கேள்வி. உருவங்களைச் செய்யாதே என்று விவிலியமே கட்டளையிட்டிருக்க, கத்தோலிக்கர் எப்படி இத்தனை உருவங்களை வைத்திருக்கிறார்கள்? அக்கட்டளை உள்ள அதே விடுதலைப் பயண நூலில், உடன்படிக்கைப் பேழையின் மேல் பொன்னால் இரு கெருபுகளை, அதாவது சிறகுள்ள வானதூதர் உருவங்களை, செய்து வைக்குமாறு கடவுள் மோசேக்குச் சொல்வதும் இருக்கிறது. மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து உயர்த்தியதும், பல தலைமுறைகளுக்குப் பிறகு மக்கள் அப்பாம்புக்கே தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசன் அதை உடைத்துப் போட்டதும் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் உருவத்தில் இல்லை, அதன் முன் மனிதன் செய்வதில் இருக்கிறது என்பது விளங்கும்.

இதன்பொருட்டு எட்டாம் நூற்றாண்டில் கிழக்கு உரோமைப் பேரரசில் பெரும் போராட்டமே நடந்தது. பேரரசர்கள் படங்களை அழிக்க உத்தரவிட்டார்கள். தமஸ்கு நகர அருளப்பர் படங்களுக்காக எழுதினார். 787ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் நீசேயா சங்கம், உருவத்துக்குச் செலுத்தும் மரியாதை அவ்வுருவம் காட்டும் ஆளையே சென்றடைகிறது என்று தீர்மானித்தது. ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம், மரியாளுக்கு மேலான வணக்கம். ஆராதனை மற்ற இரண்டிலிருந்தும் அளவில் மட்டுமல்ல, வகையிலும் வேறானது. இறந்துபோன தந்தையின் படத்துக்கு மாலையிட்டு விளக்கேற்றும் ஒருவர், காகிதத்தையும் கண்ணாடியையும் வணங்குவதாக எவரும் நினைப்பதில்லை அல்லவா?

கோட்பாட்டைவிடக் கால்கள் தெளிவாகப் பேசும். அடுத்த முறை உள்ளே போகும்போது ஓர் ஓரமாக நின்று, வருபவர்களின் முழந்தாளைக் கவனியுங்கள். அந்தோனியாரின் பாதத்தைத் தொட்டு விரலை முத்தமிடுவார்கள், பூ வைப்பார்கள், கண்ணை மூடி நெடுநேரம் நிற்பார்கள். ஆனால் நடுப் பீடத்தின் பின்னாலோ பக்கத்திலோ, சிவப்பு விளக்கு எரியும் சிறு பேழையைக் கடக்கையில், வலது முழந்தாள் தரையைத் தொடும். அது நற்கருணைப் பேழை; அதற்குள் இருக்கும் அப்பத்தில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆலயத்தில் இருப்பவற்றுள் கலையழகு மிகக் குறைந்த பொருள் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். ஆயினும் ஆராதனை அதற்கே.

சைவ வாசகருக்கு இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். கோவிலில் பிரதிட்டையும் கும்பாபிஷேகமும் முடிந்த திருமேனியில் இறைவன் எழுந்தருளியிருக்கிறார். அதனால்தான் அதற்கு நீராட்டும் நிவேதனமும் உண்டு. கத்தோலிக்கச் சொரூபத்தைக் குருவானவர் மந்திரித்து ஆசீர்வதிப்பார். எனினும் புனிதர் அதற்குள் குடியிருப்பதாக எவரும் கொள்வதில்லை. உடைந்துபோனால் மரியாதையாக எரித்தோ புதைத்தோ விட்டு, வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். மாலை, ஊதுவத்தி, நேர்த்தி, கொடியேற்றம், தெருவில் சொரூபத்தைச் சுமந்து வரும் பவனி ஆகியவற்றால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டையும் செய்வது ஒரே மக்கள் என்பதே.

எவர் பீடம் ஏறுகிறார்

முதல் ஆயிரம் ஆண்டுகளில் பெரும்பாலும் மக்களும் உள்ளூர் ஆயரும் ஏற்றுக்கொண்டால் ஒருவர் புனிதர். பாப்பரசர் ஒருவர் முறைப்படி அறிவித்த முதல் புனிதர் என்று அறியப்படுபவர் 993ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஆக்ஸ்பேர்க் நகர ஆயர் உல்ரிக். இன்று இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், முத்திப்பேறு பெற்றவர், புனிதர் என்று நான்கு படிகள் உண்டு. மூன்றாம் படிக்கு ஒரு புதுமையும் (அற்புதமும்) நான்காம் படிக்கு இன்னொன்றும் ஆராய்ந்து உறுதிசெய்யப்பட வேண்டும். வேதசாட்சிக்கு முதற் புதுமை தேவையில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை தடை செய்யப்பட்டிருந்தபோது, 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, 1711இல் கண்டியில் இறக்கும்வரை மறைந்தும் வெளிப்பட்டும் உழைத்த யோசேப் வாஸ் அடிகளாரை 1995இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் புனிதராகவும் அறிவித்தனர். பின்னைய படிக்கு உரிய இரண்டாம் புதுமையை பிரான்சிஸ் கேட்கவில்லை. 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம்பிள்ளை, 2022ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி புனிதரானார். அவருடைய உருவத்தில் கைவிலங்கும் சங்கிலியும் இருக்கும். வேட்டி கட்டிய தமிழர் ஒருவரைப் பீடத்தில் காணும்போது, அந்தச் சங்கிலிதான் பெயர்ப்பலகை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மண்ணும் சாயமும் கடற்காற்றும்

இந்நகரின் மையத்தில் வானநீல முகப்போடு நிற்கும் புனித மரியாள் பேராலயம் 1852ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டம் ஆனது. ஆயரின் இருக்கை உள்ள ஆலயமே பேராலயம். அக்காலத்தில் கத்தோலிக்க உலகெங்கும் பரவிய சொரூபங்கள் பெரும்பாலும் சாந்துக் கலவையில் அச்சு வார்த்துச் சாயம் பூசியவை. பாரிசின் சான் சுல்பிஸ் தெருக் கடைகளின் பெயரே இந்தப் பாணிக்கு வந்துவிட்டது. கலை அறிஞர்கள் அவற்றை இனிப்புப் பண்டம் என்று இகழ்ந்ததுண்டு. அந்த இகழ்ச்சி முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். எனினும், அதைவிடப் பெரிய கேட்டை நாம் செய்துகொண்டிருக்கிறோம். சாந்து கடற்காற்றின் ஈரத்தைக் குடிக்கும். சாயம் உப்பிப் பெயரும். உடனே திருவிழாவுக்கு முன் ஒருவர் பளபளக்கும் எனாமல் பெயின்ற் வாங்கிவந்து, உதட்டுக்கு ஒரே சிவப்பும் புருவத்துக்கு ஒரே கறுப்புமாகப் பூசிவிடுவார். இப்படி நான்கைந்து தடவை பூசிய பிறகு, லூசியாளும் அன்னம்மாளும் தெரேசம்மாளும் ஒரே முகத்தோடு நம்மைப் பார்க்கிறார்கள். பின்னால் சுற்றிச் சுற்றி நிறம் மாறும் மின்விளக்கு வளையம் வேறு.

எத்தனை உருவங்கள் இருக்கலாம்? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அளவோடும் ஒழுங்கோடும் இருக்கவேண்டும் என்றது; ஒரே புனிதருக்கு ஓர் ஆலயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உருவம் வைப்பது வழக்கமாகாது என்று திருப்பலி நூலின் பொது அறிவுரையும் சொல்கிறது. நேர்த்திக்கென்று வீடுகளிலிருந்து வந்து சேரும் சொரூபங்களை எங்கே வைப்பது என்று தவிக்கும் பங்குத்தந்தையருக்கு இந்த விதி பெரிய துணை.

சில வேளைகளில் ஓர் உருவம் தான் செய்யப்பட்டபோது இல்லாத அடையாளத்தைப் பின்னர் பெறும். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது, உயிர்த்த இயேசுவின் சொரூபத்தின் மீது இரத்தம் தெறித்தது. அதைத் துடைத்துச் சாயம் பூசாமல், கண்ணாடிப் பேழைக்குள் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

ஆண்டில் இரு வாரங்கள் இவை எதையும் பார்க்க முடியாமற் போகலாம். தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு தொடங்கி, சிலுவைகளையும் சொரூபங்களையும் ஊதாத் துணியால் மூடும் வழக்கம் பல ஆலயங்களில் இருக்கிறது. சிலுவையின் துணி பெரிய வெள்ளியன்று விலகும். சொரூபங்களின் துணி, உயிர்ப்புப் பெருவிழாவின் இரவு வழிபாடு தொடங்குவதற்கு முன்பே விலகும். அந்நாள்களில் உள்ளே வருகிறவர், வெறும் ஊதா நிற உருவங்களின் நடுவே நிற்பார். ஆனால் கையைப் பார்த்துப் பழகியவருக்குத் துணியும் தடையில்லை: இடப்பக்கத் துணி முழங்கைக்கு மேலே சிறு தலையளவு புடைத்திருக்கிறது, அவர் அந்தோனியார், பின்வரிசையில் துணிக்குக் கீழே குதிரையின் முன்னங்கால் ஒன்று தெரிகிறது.